ஒருக்காப் பூசினால் காணும்: நியூ மெக்சிக்கோவின் மண்சுவர்களுக்குச் சீமெந்து வந்த கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், தாவோஸ் பட்டினத்துக்குக் கிட்ட, றாஞ்சோஸ் டி தாவோஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரு மண் தேவாலயம் நிற்கிறது. பெயர் சான் பிரான்சிஸ்கோ டி அசீஸ். தேவாலயம் என்றால் முகப்பைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். இதற்கு மட்டும் பின்பக்கம்தான் புகழ். அந்தப் பக்கத்தில் யன்னல் கதவு ஒன்றும் கண்ணில் படாது. பருத்த மண்சுவரும், யானைக்கால் போல அதை முட்டுக்கொடுத்து நிற்கிற தாங்குசுவர்களும்தான். ஓவியர் ஜோர்ஜியா ஓ'கீஃப் 1929, 1930 காலத்தில் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அன்சல் அடம்ஸ் படம் பிடித்தார். அவர்களுக்குப் பின்னால் வந்த புகைப்படக்காரருக்குக் கணக்கே இல்லை.

1967இல் அந்தச் சுவருக்குச் சீமெந்து பூசினார்கள். 1979இல், அதே பங்குச் சனம் அந்தச் சீமெந்தை உடைத்து எடுத்துவிட்டு, திரும்ப மண் பூசியது.

ஏன் பூசினார்கள், ஏன் உடைத்தார்கள் என்ற ரெண்டு கேள்விதான் இந்தக் கட்டுரை. கோயில் பெரிய கட்டடம், அதனால் அதன் கதை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஏராளமான மண்வீடுகளுக்கும் இதுதான் நடந்தது. வீட்டுச் சுவரைப் படம் பிடிக்க ஒருத்தரும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் காலநிலையைக் கதைப்பம். பாலைவனம் எண்டவுடன எங்களுக்கு மணல்மேடும் ஒட்டகமும்தான் ஞாபகம் வரும். வடக்கு நியூ மெக்சிக்கோ அப்படி இல்லை. அது உயரத்தில் இருக்கிற வறண்ட நிலம். மாநிலத் தலைநகரம் சாந்தா ஃபே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரத்தில், எங்கட நுவரெலியாவை விடவும் மேலே இருக்கிறது. வருஷத்துக்கு விழுகிற மழை ஏறக்குறைய 350 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தை நாங்கள் வறண்ட வலயம் என்கிறோம், இங்கேயே 1,200 மில்லிமீற்றருக்கு மேல் விழுகிறது. ஆனால் அங்கே மழை குறைவு என்றதால் சுவருக்கு ஆபத்துக் குறைவு என்று நினைக்கக் கூடாது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பின்னேரத்தில் திடீரென்று இடி மின்னலோடு ஊத்தி, அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். மாரிகாலத்தில் பனி கொட்டும். கூரையில் கிடக்கிற பனி பகல் வெயிலில் உருகிச் சுவரில் வடிந்து, இரவில் திரும்ப உறையும். ஒரே நாளுக்குள் கடும் வெயிலும் உறைகுளிரும். தண்ணி உறையும்போது விரியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சுவரின் சின்ன வெடிப்புக்குள் போன தண்ணி உறைந்தால், வெடிப்பு ஒரு மயிரளவு அகலும். இப்படி ஒரு மாரிகாலத்துக்குள் எத்தனையோ தரம்.

இந்தச் சுவர்கள் அடோபி என்கிற பச்சை மண்கல்லால் கட்டியவை. களியும் மணலும் கலந்த மண்ணில் வைக்கோலையும் தண்ணியையும் சேர்த்து மிதித்து, மரச் சட்டத்தில் அரிந்து, வெயிலில் காயவிட்ட கல். சூளையில் வைப்பதில்லை. அந்தச் சொல்லே பெரிய பயணம் வந்தது. அரபு மொழியில் 'அத்-தூப்' என்றால் மண்கல். வட ஆபிரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் 'அடோபி' ஆகி, ஸ்பானியரோடு கப்பல் ஏறி அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தது. வந்தது சொல்லும் மரச் சட்டமும்தான். மண்ணால் வீடு கட்டுகிற அறிவு அங்கே அவர்களுக்கு முன்னமே இருந்தது. புவெப்லோ மக்கள் மண்ணைக் குழைத்துக் கையால் அடுக்கடுக்காக எழுப்பி மாடிவீடுகள் கட்டியிருந்தார்கள். தாவோஸ் புவெப்லோவில் அப்படியான தொகுதி வீடுகள் இன்றும் ஆட்கள் இருக்கிற வீடுகளாக நிற்கின்றன. யுனெஸ்கோ 1992இல் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வழமையான அடோபிக் கல் ஒன்று ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் நீளம், 25 அகலம், 10 தடிப்பு. நிறை 15 கிலோ அளவில் வரும். இவற்றை மண் சாந்தாலேயே கட்டுவார்கள். மொத்தமான சுவர், பகல் வெக்கையை மெதுவாகத்தான் உள்ளே விடும். இரவு குளிரும்போது பகல் வாங்கிய சூட்டை உள்ளே கொடுக்கும். இவ்வளவும் நல்லது. ஆனால் மழை படுகிற சுவர் கரையும். மூடாத அடோபிச் சுவர் 20 வருஷத்துக்கு ஒரு அங்குலம் போகும் என்று அந்தப் பக்கத்துக் கட்டடக்காரர் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது நேர்ச் சுவரின் நடுப்பகுதிக்கான கணக்கு. உச்சியிலும் அடியிலும் வேகம் அதிகம்.

அதனால்தான் வெளிப்பூச்சு. கல்லுக்குப் பதிலாக அது கரையும். அதற்காகவே பூசுவது. சுவரை எடுத்த அதே மண், அரித்தது, கொஞ்சம் கூட வைக்கோல். ஒரு இரவு ஊறவிட்டு, சுவரை நனைத்து, கையால் அப்பி, உள்ளங்கையால் தடவி எடுப்பது. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒன்று ரெண்டு வருஷத்தில், ஒதுக்கான பக்கமென்றால் இன்னும் சில வருஷம் கழித்து, திரும்பப் பூசவேணும். ஸ்பானிய மொழியில் இந்த வேலைக்கு என்ஹாரே என்று பெயர். செய்கிறவருக்கு என்ஹரடோரா. அந்தச் சொல் பெண்பால். ஏனென்றால் இது பெண்களின் தொழில்.

எவ்வளவு பழைய காலத்திலிருந்து பெண்களின் தொழில் என்றால், 1630இல் ஸ்பானிய அரசனுக்கு அறிக்கை எழுதிய அலொன்சோ டி பெனவிடெஸ் என்ற துறவி அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார். புவெப்லோக்களில் சுவர் எழுப்புவது பெண்கள்தான், ஆணைச் சுவர் கட்டச் சொன்னால் மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதினார். பிறகு ஸ்பானியக் குடிகளின் ஊர்களில் வேலை பிரிந்தது. கல் அரிவதும் சுவர் கட்டுவதும் ஆண்களுக்குப் போனது. பூச்சும், அடுப்பு கட்டுவதும், உள்ளறைக்குக் களிமண் மினுக்குப் பூசுவதும் பெண்களிடம் நின்றது. உள்பூச்சின் கடைசிப் படைக்கு அப்பிரகம் மின்னுகிற வெள்ளை மண்ணை எங்கே தோண்டுவது, அதை ஆட்டுத்தோலால் எப்படித் தேய்ப்பது என்பதெல்லாம் தாய்க்குத் தெரிந்து மகளுக்குப் போன விஷயங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர்களின் ஆண்கள் ரயில்பாதைக்கும் சுரங்கத்துக்கும் கொலராடோவின் பீற்றூட் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போய், மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். வீடு நின்றது பெண்களின் கையில். சொல்லளவில் இல்லை, சுவரளவில்.

1880இல் ரயில் சாந்தா ஃபேக்கு வந்தது. ரயிலோடு சுட்ட செங்கல், அறுத்த பலகை, கூரைத் தகரம் எல்லாம் வந்தன. கிழக்கிலிருந்து வந்த வெள்ளையருக்கு மண்வீடு என்றால் ஏழ்மை, பின்தங்கிய மெக்சிக்கோக்காரரின் அடையாளம். வசதியான உள்ளூர்க்காரரும் முகப்புக்குச் செங்கல் வைத்து மண்ணை மறைக்கத் தொடங்கினார்கள். பிறகு காற்று மாறி அடித்தது. 1912இல் நியூ மெக்சிக்கோ மாநிலமாகியது. அதே வருஷம் சாந்தா ஃபேக்கு ஒரு நகரத் திட்டம் எழுதினார்கள். மற்ற அமெரிக்க ஊர் மாதிரி ஆனால் எவன் பார்க்க வருவான், பழைய மண்நகரத் தோற்றத்தைக் காப்பாற்றினால்தான் உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்பதுதான் அதற்குள் இருந்த கணக்கு. 1957இல் அது சட்டமாகியது. நகரின் பழைய பகுதியில் எந்தக் கட்டடமும் 'சாந்தா ஃபே பாணி'யில் இருக்கவேணும்.

பாணி என்ற சொல்லைக் கவனியுங்கோ. சட்டம் கேட்டது தோற்றத்தை. உள்ளே மரச்சட்டமா, கொங்கிறீற் கல்லா என்பது பிரச்சினை இல்லை. மூலைகளை வளைத்து, மேலே மண்நிறச் சீமெந்துப் பூச்சு அடித்தால் அது 'அடோபி வீடு'. கிறிஸ் வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1997இல் எழுதிய 'சாந்தா ஃபே என்ற கட்டுக்கதை' என்ற புத்தகம் முழுக்க இந்தக் கதைதான். மண்வீட்டில் இருந்ததற்காகக் கேவலப்பட்ட மக்களின் வீட்டுத் தோற்றத்தை எடுத்து, காசுள்ளவர்கள் தங்கள் வீட்டுக்குச் சட்டையாகப் போட்டார்கள்.

அதே காலத்தில் உண்மையான மண்வீடுகளுக்கும் அதே சட்டையைப் போட்டார்கள். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆனால் அந்தச் சனத்தை முட்டாள்கள் என்று நினைக்க இடம் இல்லை. இரண்டாம் உலகப்போருக்கு ஆண்கள் போனார்கள். 1943இல் லொஸ் அலமோஸில் அணுகுண்டு ஆய்வுகூடம் வந்து, மலையூர்களிலிருந்து ஆட்களைக் கூலிக்கு எடுத்தது. ஆண்களும் பெண்களும் சம்பள வேலைக்குப் போனார்கள். ஜூன் மாதத்தில் ரெண்டு கிழமை மண் குழைக்க ஆருக்கு நேரம்? இளையவர்கள் அல்புகேர்க்கிக்கும் கலிபோர்னியாவுக்கும் வெளிக்கிட்டார்கள். மண் பூசுவதற்குச் சொந்தமும் அயலும் வேணும், அதுதான் கலைந்து போனது. அந்த நேரத்தில் ஒரு மேசன் வந்து 'ஒருக்காப் பூசினால் காணும், பிறகு பார்க்கத் தேவையில்லை' என்றால் ஆர் வேண்டாம் என்பார்கள்? எங்கட ஆச்சிமாரைக் கேட்டுப் பாருங்கோ, வருஷா வருஷம் கிடுகு பின்னி, மாரிக்கு முதல் வீடு மேய்ந்து, வேலி அடைத்த காலம் திரும்ப வரட்டோ எண்டு. கிடுகு வீட்டுக் குளிர்ச்சியைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிடுகு பின்னாதவர்கள். மண் பூச்சும் அப்படித்தான். மணலும் வைக்கோலும் கையைத் தேய்த்து எடுத்துவிடும். ஏணியில் நின்று நாள் முழுக்கத் தலைக்கு மேலே அப்புகிற வேலை. சீமெந்து வந்தபோது பல பெண்களுக்கு அது விடுதலையாகத்தான் பட்டிருக்கும்.

வேலை நடந்த முறை இது. சீமெந்து மண்ணோடு ஒட்டாது. அதனால் முதலில் சுவருக்குத் தார்த்தாள் அடித்து, அதன்மேல் கம்பிவலையை நீட்டு ஆணிகளால் மண்கல்லில் அறைவார்கள். அந்த வலைக்கு மேல் மூன்று பூச்சு. முதற்பூச்சைக் காயமுதல் கீறிவிடுவார்கள், அடுத்தது பிடிப்பதற்காக. ரெண்டாவது மட்டம் எடுக்க. மூன்றாவது மெல்லியது, நிறத்துக்கு. காற்றில் ஈரமே இல்லாத ஊரில் சீமெந்துப் பூச்சின் முதல் எதிரி வெயில். பூசியதிலிருந்து சில நாளைக்குத் தண்ணி தெளித்து ஈரமாக வைத்திருக்காவிட்டால், இறுகமுதல் காய்ந்து மயிர்வெடிப்பு விழும். இரவில் உறைகிற காலத்திலும் பூசக் கூடாது. அவசரக்கார மேசன் இந்த ரெண்டையும் பார்ப்பதில்லை.

முடிந்ததும் சுவர் என்ன மாதிரி இருக்கும்? அருமையாக இருக்கும். ஐந்து பத்து வருஷம் ஒரு பிரச்சினையும் தெரியாது.

உள்ளே நடப்பது வேறு. மண்சுவர் ஈரத்தை எப்போதும் கொஞ்சம் வைத்திருக்கும். நிலத்திலிருந்து, திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, அடிச்சுவர் தண்ணியை மேலே இழுக்கும். உள்ளே சமைக்கிற, குளிக்கிற ஆவியும் சுவருக்குள் போகும். மண்பூச்சு இருக்கும்வரை இந்த ஈரம் வெளியே வந்து காற்றில் போய்விடும். பாலைவனக் காற்று அதை ஆசையோடு குடிக்கும். தார்த்தாளும் சீமெந்தும் வந்தபிறகு அந்த வழி அடைபட்டது. அதோடு, சீமெந்து வெயிலில் விரிகிற அளவும் மண் விரிகிற அளவும் ஒன்றில்லை. ரெண்டும் பிரிந்து ஆடும்போது பூச்சில் வெடிப்பு விழும், முக்கியமாக யன்னல் மூலைகளில். அந்த வெடிப்பால் மழைத்தண்ணி உள்ளே போகும். போனது வெளியே வராது. தார்த்தாளுக்குப் பின்னால் வடிந்து, அடியில் போய்ச் சேரும்.

காய்ந்த அடோபி ஒரு மாடியைத் தாங்கும். நனைந்த அடோபி வெறும் சேறு. வெளியில் பார்த்தால் கட்டியான பழுப்புச் சுவர், உள்ளே அடிப்பக்கக் கற்கள் கரைந்து சீமெந்துத் தட்டுக்குள் குவிந்து கிடக்கும். ஒரு நாள் சுவர் வயிறு தள்ளும். அல்லது எதிர்பாராமல் ஒரு பகுதி இருந்துவிடும். மண்பூச்சு எண்டால் பிழையை அண்டைக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மழையில் கரைந்த இடம் அடுத்த நாளே கண்ணுக்குத் தெரியும், ஒரு வாளி மண்ணோடு பிரச்சினை முடியும். சீமெந்தில் எனக்குள்ள பெரிய குறை அதன் பலமோ பலவீனமோ இல்லை. அது நோயை மறைக்கும்.

றாஞ்சோஸில் நடந்தது இதுதான். 1967இல் பூசிய சீமெந்துக்குப் பின்னால் ஈரம் தேங்கி, சுவர்களும் தாங்குசுவர்களும் உள்ளுக்குள் பழுதாகியது 1970களின் கடைசியில் தெரியவந்தது. திரும்பவும் ஒரு நவீன பூச்சுப் போடுவதா, பழையபடி மண்ணுக்குப் போவதா என்று பங்குச் சனம் வாதாடி, மண் என்று முடிவெடுத்தது. அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை பழைய அடோபிக் கட்டடங்களைப் பேணுவது பற்றி ஒரு கையேடு வெளியிட்டதும் அதே காலத்தில்தான், 1978இல். எந்தப் பொருளால் கட்டியதோ அதாலேயே திருத்து என்பது அதன் சாரம்.

றாஞ்சோஸ் தப்பியது. பிக்குரீஸ் புவெப்லோவின் சான் லொரென்சோ கோயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கும் சீமெந்து பூசியிருந்தார்கள். 1980களில் சோதித்தபோது சுவர்கள் திருத்துகிற நிலையைத் தாண்டியிருந்தன. பழையதை இறக்கிவிட்டு, அதே இடத்தில் அந்த மக்களே கல் அரிந்து, பல வருஷம் எடுத்து, கையால் திரும்பக் கட்டினார்கள். அந்தச் சின்னச் சமூகத்துக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசிச்சுப் பாருங்கோ. கோயில் என்றதால் ஊர் கூடியது. இப்படிச் சரிந்த வீடுகளுக்கு ஊர் கூடாது. குடும்பம் பின்பக்கக் காணியில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய தகர நடமாடும் வீட்டுக்குள் போகும், பழைய வீடு மழையில் கரையும். வடக்கு நியூ மெக்சிக்கோவின் தெருவோரங்களில் இந்தச் சோடியை, கரைகிற மண்வீட்டையும் பக்கத்தில் நிற்கிற நடமாடும் வீட்டையும், இன்றும் காணலாம்.

சரி, இன்று அங்கே ஒரு வீட்டின் வெளிப்பூச்சில் வெடிப்பு விழுந்தால் என்ன செய்வது? முதல் கேள்வி, உள்ளே இருப்பது என்ன. சட்டம் எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டதால் வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. மரச்சட்ட வீடோ கொங்கிறீற் கல் வீடோ என்றால் சீமெந்துப் பூச்சு நல்ல பூச்சு, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மயிர்வெடிப்பை அதே வகைச் சீமெந்துக் கலவையால் அடைத்து நிறம் பூசினால் போதும். பிடிவிட்டு உப்பி நிற்கிற இடத்தைத் தட்டிப் பார்த்தால் பொள் என்ற சத்தம் கேட்கும். அதை வெட்டி எடுத்து மூன்று பூச்சாகத் திரும்பப் போடவேணும்.

அடோபி வீடென்றால் வெடிப்பைத் தொடமுதல் தண்ணியைத் தேடவேணும். அந்த வீடுகளுக்குத் தட்டைக்கூரை. சுற்றிவரக் கூரை விளிம்புச் சுவர் எழும்பி நிற்கும், அதைத் துளைத்துக்கொண்டு கனாலே என்கிற பீலிகள் வெளியே நீட்டும். பீலி உடைந்தாலோ நீளம் குறைந்தாலோ தண்ணி சுவரிலேயே வடியும். விளிம்புச் சுவரின் உச்சி வெடித்தால் தண்ணி நேரே சுவரின் வயிற்றுக்குள் இறங்கும். கீழே வந்தால், வருஷக்கணக்காகச் சேர்ந்த மண்ணும் பூமரப் பாத்தியும் தெருவின் உயரமும் அடிச்சுவரை மூடியிருக்கும். போதாக்குறைக்கு, அடி கரையுது என்று ஒரு காலத்தில் சீமெந்துப் பட்டி ஒன்றைச் சுவரைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அது தண்ணியைச் சுவருக்குள்ளேயே பூட்டி வைக்கிற வேலையைத்தான் செய்தது. உட்பக்கம் அடியில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தால் அதுதான் அறிகுறி.

சீமெந்தைக் கழற்றுவதற்கும் முறை இருக்கிறது. ஆத்திரத்தில் ஒரே நாளில் முழுச் சுவரையும் உரிக்கக் கூடாது. சில வீடுகளில் உள்ளே சேறாகிப் போன சுவரை அந்தச் சீமெந்துத் தட்டுத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். கூரைக்கு முட்டுக்கொடுத்து, அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, காயவிட்டு, போன கல்லை வெட்டி எடுத்துப் புதுக் கல்லை இறுக்கவேணும். காய்வதற்கு மாதங்கள் போகலாம். 1980களுக்குப் பிறகு ரப்பர் போல இழுபடுகிற பூச்சுகள் கடைக்கு வந்தன, வெடிப்புக்கு மேலே தோல் போட்டு மூடுகிற வகை. மரச்சட்ட வீட்டுக்காரருக்கு அது உதவலாம். மண்சுவருக்கு அது சீமெந்து செய்த அதே வேலையை இன்னும் திறமாகச் செய்யும்.

மண்ணுக்கும் சீமெந்துக்கும் இடையில் சுண்ணாம்பு என்று ஒரு வழி இருந்தது. அரிசோனாவில் ரூசோன் நகரத்துக்குப் பக்கத்தில், உண்மையிலேயே பாலைவனத்துக்கு நடுவில், 1783க்கும் 1797க்கும் இடையில் கட்டிய சான் சவியர் டெல் பாக் தேவாலயம் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. சுட்ட செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. 20ஆம் நூற்றாண்டில் அதற்கும் சீமெந்து போட்டார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, உள்சுவரின் ஓவியங்களைத் தாக்கியது. பிறகு சீமெந்தை உரித்துவிட்டுச் சுண்ணாம்புக்கே போனார்கள். அந்தச் சாந்தில் அவர்கள் கலப்பது சப்பாத்திக்கள்ளிச் சாறு. அது சாந்தை வழவழப்பாக்கும், தண்ணியை ஓரளவு தள்ளும். தமிழ்நாட்டுப் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தது ஞாபகம் வந்தால், அது சரியான ஞாபகம்தான். கிட்டத்தட்ட அதே சோலிக்கு அங்கே கிடைத்த செடி.

இனி அந்த என்ஹரடோராமாரிடம் வருவம். சீமெந்து வேலை மேசன் கரண்டியோடு ஒப்பந்தக்காரரிடம் போனது. ஒப்பந்தக்காரர் என்றால் ஆண்கள். அதுவரை ஊரில் பெண்களின் கையில் இருந்த, மதிப்புள்ள ஒரு தொழில் ஒரு தலைமுறைக்குள் இல்லாமல் போனது. கைவலி போனது, கையில் இருந்த தொழிலும் போனது. 1970களில் அனிட்டா றொட்றீகெஸ் போன்ற தாவோஸ் பெண்கள் வயதுபோன என்ஹரடோராமாரைத் தேடிப்போய்க் கேட்டுப் பழகி, அதைத் திரும்பவும் கூலிக்குச் செய்கிற தொழிலாக்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் 'கூலிக்கு' என்பதுதான். மரபைக் காப்பாற்றுவம் என்று சொல்லிக்கொண்டு பெண்களின் வேலையை இலவசமாக எதிர்பார்க்கிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு.

அதன் விளைவு இன்னொரு முரண். கையால் மண் பூசுகிறவருக்கு நியாயமான கூலி கொடுத்தால், அது சீமெந்தை விடச் செலவு. அதனால் இன்று சாந்தா ஃபேயில் உண்மையான அடோபியும் மண்பூச்சும் பணக்காரரின் வீட்டு அலங்காரம். அந்தக் கல்லை அரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எட்டாது. 1986இல் தொடங்கி, இப்போது கோர்னர்ஸ்ரோன்ஸ் என்ற பெயரில் இயங்குகிற அமைப்பு, ஊர்ச் சனத்தோடும் இளையவர்களோடும் சேர்ந்து மண் கோயில்களைத் திருத்தி, அந்த வேலையைப் பழக்கிக் கொடுக்கிறது. 2006இல் மண்சுவர் திருத்துவதற்கு ஒரு நல்ல கைநூலும் போட்டார்கள். ஆனால் வீடுகளுக்கு, தனித்தனிக் குடும்பங்களுக்கு, அந்த வேலையை ஆர் செய்வது, ஆர் காசு கொடுப்பது என்பது இன்னும் தீராத கணக்கு.

றாஞ்சோஸ் டி தாவோஸ் கோயிலில் வருஷா வருஷம் என்ஹாரே நடக்கிறது. ஜூன் மாதத்தில், ரெண்டு கிழமை. உறைபனி முடிந்திருக்கும், ஜூலை இடிமழை தொடங்கியிருக்காது, பூசிய மண் காய்வதற்கு அந்த இடைவெளிதான் இருக்கு. மண்ணை அரிப்பது, வைக்கோலை வெட்டிக் கலப்பது, வாளியில் கொண்டுபோய்க் கொடுப்பது, ஏணியில் ஏறிப் பூசுவது என்று சின்னப் பிள்ளைகளிலிருந்து கிழடுகள்வரை ஆளுக்கொரு வேலை. இப்போது ஆண்களும் பூசுகிறார்கள். வெளியூர்க்காரர் வந்து கேட்டாலும் ஒரு வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.